குருதியின் சாட்சியம்

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் பீரங்கிகளையும் கப்பல்களையுமே எண்ணினார்கள். 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே ஆங்கிலேயரும், அவர்களை அடுத்துப் பிரெஞ்சுக்காரரும் துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1795இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர், நாடு சுதந்திரமடைந்த பின்னரும் 1957 வரை கடற்படைத் தளத்தை விட்டகலவில்லை. இவையெல்லாம் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஆண்டுகள். ஆனால் கப்பலில் வந்தவன் சுமந்து வந்த நோயும், கரையில் வாழ்ந்தவள் அதற்குக் கொடுத்த விலையும் இந்த அட்டவணையில் இடம்பெறுவதில்லை. அந்த மற்றொரு சரித்திரம் மனிதக் குருதியில் எழுதப்பட்டது. அதன் ஓர் அத்தியாயமே இக்கட்டுரை.

இதயத்திலிருந்து புறப்பட்டு உடலெங்கும் குருதியைக் கொண்டு செல்லும் தலைமைக் குழாய் பெருநாடி. அதன் சுவர் ஓரிடத்தில் நலிந்தால், பழைய சைக்கிள் ரியூப் மெலிந்த இடத்தில் புடைப்பதுபோல் அதுவும் புடைத்துப் பெருக்கும். இதுவே பெருநாடி வீக்கம். பெரும்பாலும் வலியில்லை; வெளிப்படையான அடையாளமும் இல்லை. ஆண்டுக்கணக்கில் மௌனமாக வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். வெடித்தபின் பிழைப்பவர் மிகச் சிலரே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோய் பிரித்தானியப் படைகளைத் திகைக்க வைத்தது. முதுமையில் வரவேண்டிய சாவு, வாலிபம் மாறாத சிப்பாய்களை வாரிச் சென்றது ஏன்? இறுக்கமான சீருடையும், கழுத்துப் பட்டியும், மார்பை அழுத்தும் மூட்டை வாருமே காரணம் என்று 1870இல் வாதிட்டார் படைமருத்துவர் ஆதர் மையர்ஸ். 1876இல் பிரான்சிஸ் வெல்ச் என்ற மற்றொரு படைமருத்துவர் வேறொரு விடை கூறினார். இறந்த சிப்பாய்களின் உடல்களை ஆராய்ந்த அவர், பெருநாடி நலிந்தோரிற் பலர் சிபிலிஸ் எனும் மேகநோய்க்கு ஆளானவர் என்று காட்டினார். இன்று நாம் அறிந்தபடி, அந்நோயின் கிருமி பெருநாடிச் சுவருக்கு உணவூட்டும் நுண்குழாய்களை அடைத்து, சுவரின் நடுப்படையைச் சிதைக்கிறது. தொற்று ஏற்பட்டுப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் கழித்தே வீக்கம் தலைகாட்டுகிறது. இருபது வயதில் ஏதோவொரு துறைமுகத்தில் பெற்றதற்கு நாற்பது வயதில் கடன் தீர்க்க வேண்டியிருந்தது.

ஆட்சியாளர் இந்நோயை எதிர்கொண்ட முறை என்ன? தொற்றுநோய்ச் சட்டம் என்ற பெயரில் 1864இல் பிரித்தானியாவில் ஒரு சட்டம் பிறந்தது. 1867இல் அதன் சாயலில் இலங்கையிலும் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. சந்தேகத்திற்குள்ளான பெண்களைப் பதிவு செய்வதும், கட்டாயமாகப் பரிசோதிப்பதும், நோய் கண்டால் அடைத்து வைப்பதும் இச்சட்டங்களின் வழி. படைவீரன்மீது இந்தக் கட்டாயம் இல்லை. நோய் இருவருக்கும் பொது; காவல் ஒருத்திக்கு மட்டும்! அவளைக் குணப்படுத்துவதன்று, அடுத்த கப்பலில் வருபவனைக் காப்பதே இச்சட்டத்தின் நோக்கம். ஜோசபின் பட்லர் முதலானோர் நடத்திய நெடும் போராட்டத்தின் பின்னரே 1886இல் பிரித்தானியச் சட்டம் நீக்கப்பட்டது.

1905இல் ஷௌடினும் ஹொஃப்மனும் மேகநோய்க் கிருமியைக் கண்டனர். மறு ஆண்டிலேயே ஔகுஸ்ட் வாசர்மனும் அவர் தோழர்களும் குருதியைக் கொண்டு அந்நோயை அறியும் சோதனையை வெளியிட்டனர். புண் ஆறிய பின்னரும், நோயாளியே அதனை மறந்த பின்னரும், குருதி மறக்கவில்லை. பெருநாடிக்கு வரவிருக்கும் ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் குறிகாட்டி ஒன்று மருத்துவத்தின் கைக்கு முதன்முதலாக வந்தது.

ஆயினும் குருதியின் மொழியைப் படிப்பது எளிதன்று. அச்சோதனை கிருமியை நேராகக் காண்பதில்லை. கிருமி விளைத்த சேதத்திற்கு உடல் காட்டும் எதிர்வினையையே காண்கிறது. மலேரியாவும் தொழுநோயும் அதே எதிர்வினையைத் தோற்றுவிக்கக் கூடும். அத்துடன் நம் நாட்டில் பறங்கி என்ற நோயும் இருந்தது. இலங்கையின் தலைமைச் சிவில் மருத்துவ அதிகாரியாயிருந்த கின்சி 1881இல் அதுபற்றித் தனி அறிக்கையே எழுதினார். மேகநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான கிருமியால் வருவது அது. ஆனால் ஒழுக்கத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதது. வறுமையும் நெருக்கடியும் மிகுந்த வீடுகளில் குழந்தைகளின் தோலிலிருந்து தோலுக்குத் தாவுவது. வாசர்மன் சோதனைக்கு இரண்டும் ஒன்றுதான். குளம் தூர்ந்து வயல் காய்ந்த வன்னிக் கிராமத்துக் குழந்தையின் குருதியும், கடற்படைச் சிப்பாயின் குருதியும் அதன்முன் ஒரே விடையைத் தரும். முன்னது பசியின் வரலாறு. பின்னது படையின் வரலாறு. அவற்றைப் பிரித்தறிய, நோயாளியின் வாழ்க்கையை அறிந்த மருத்துவர் வேண்டும்.

இதனை ஆழ்ந்து சிந்தித்தவர் லுட்விக் ஃபிளெக் என்ற போலந்து யூத மருத்துவர். ஆய்வுகூடத்தில் தம் கையாலேயே இச்சோதனையைச் செய்தவர் அவர். ஒரு விஞ்ஞான உண்மை ஒரு மேதையின் மூளையில் திடீரென உதிப்பதன்று, பலருடைய கூட்டுழைப்பிலும் கூட்டுச் சிந்தனையிலும் உருவாவது என்று 1935இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் வாசர்மன் சோதனையே. பின்னர் நாஜிகளின் வதைமுகாம்களில் வாடி, உயிர் தப்பியவர் அவர்.

1910இல் சல்வர்சான் மருந்து வந்தது. 1943இல் பென்சிலின் மேகநோயைக் குணப்படுத்தும் என்பது நிலைநாட்டப்பட்டது. பென்சிலின் எட்டிய இடங்களில் சிப்பாயின் பெருநாடி வீக்கம் அருகிற்று. ஆனால் நோய் வேறு வேடம் பூண்டது. இன்று அது பெரும்பாலும் வயிற்றுப் பகுதியில், முதிய ஆண்களிடத்தே தோன்றுகிறது. அதற்கு முதற் பெருங்காரணம் புகைத்தல். இரு உலகப் போர்களிலும் சிப்பாய்களுக்கு உணவுப் பங்கோடு சிகரெட்டையும் வழங்கியவர்கள் யார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். 1951இல் பாரிஸில் சார்ல் துபோஸ்ட் வீங்கிய பகுதியை வெட்டி நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தி வழிகாட்டினார். ஆயினும் நான்காண்டுகளின் பின், 1955 ஏப்ரல் 18இல், ஐன்ஸ்டைன் வயிற்றுப் பெருநாடி வெடித்ததாலேயே இறந்தார். தமக்கு வீக்கம் உண்டென்பதை அவர் 1948 முதல் அறிந்திருந்தார். எப்போது வெடிக்கும் என்று கூற எவராலும் இயலவில்லை.

அந்த ‘எப்போது’ என்ற வினாவிற்கே இன்றைய ஆய்வாளர் மீண்டும் குருதியில் விடை தேடுகின்றனர். வீங்கிய நாடியின் உட்புறத்தில் குருதி உறைந்து படிகிறது. அந்த உறைவு கரையும்போது டி-டைமர் எனும் புரதத்துண்டு வெளிப்படுகிறது. வீக்கம் பெரிதானோரிடம் அதன் அளவும் மிகுந்திருக்கக் காண்கின்றனர். அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம், நாடிச் சுவரின் மீள்நார்களை அரிக்கும் நொதிகள் ஆகியனவும் ஆராயப்படுகின்றன. ஆனால் காய்ச்சலிலும், கர்ப்பத்திலும், சத்திரசிகிச்சையின் பின்னும் டி-டைமர் உயரும். வாசர்மன் காலத்துப் பாடம் இங்கும் பொருந்துகிறது. ஆதலால் வயிற்றின்மேல் கருவியை வைத்து ஒலியலையால் அளக்கும் எளிய ஸ்கானின் இடத்தை எந்தக் குருதிச் சோதனையும் இதுவரை பிடிக்கவில்லை. ஆண்களில் வீக்கம் ஏறத்தாழ 5.5 சென்ரிமீற்றரை எட்டும்போது சத்திரசிகிச்சை பற்றி ஆலோசிக்கின்றனர். பிரித்தானியாவில் 65 வயதை அடையும் ஆண்களுக்கு இந்த ஸ்கானைச் செய்யும் பொதுத் திட்டம் உண்டு.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி, சோதனை எவ்வளவு நுட்பமானது என்பது மட்டுமன்று. அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதுமாகும். 1867இன் சட்டம் பெண்ணைச் சோதித்தது அவளுக்காக அன்று. அதே இலங்கையில் இன்று கிராமத்துக் குடும்பநல மாது கர்ப்பிணியின் வீடு தேடிச் செல்கிறாள். கிளினிக்கில் இலவசமாகக் குருதி சோதிக்கப்படுகிறது. நோய் கண்டால் மருந்து உடனே கிடைக்கிறது. அதன் பயனாகவே, தாயிடமிருந்து சேய்க்கு மேகநோயும் எச்.ஐ.வி.யும் தொற்றுவதை ஒழித்த நாடு என 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்தது. அன்றும் இன்றும் நடப்பது சோதனைதான். அன்று அதன் பின்னே காவலாளி நின்றான். இன்று தாதி நிற்கிறாள்.

நாளை பெருநாடியின் ஆபத்தைத் துல்லியமாகச் சொல்லும் குறிகாட்டி ஒன்று கண்டுபிடிக்கப்படலாம், கண்டுபிடிக்கப்பட வேண்டும். ஆனால் அது தலைநகரின் தனியார் ஆய்வுகூடத்தில் பணம் படைத்தவனுக்கு மட்டும் கிடைக்குமாயின், நம் துறைமுகத்தில் மூட்டை சுமந்து, பீடி புகைத்து, முதுமையடைந்த தொழிலாளியின் நெஞ்சும் வயிறும் முன்போலவே மௌனமாக வெடிக்கும். கண்டுபிடிப்பது விஞ்ஞானிகளின் கடமை. அதனைச் சகலருக்கும் உரியதாக்குவது மக்களின் கடமை. அந்த இரண்டாவது கடமையை வகுப்பறையிலிருந்தே தொடங்குவோம்.