கேம்பர்வேனுக்கு எந்த ஏணி? வாங்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் போர்ட்டிக்சன் கடற்கரையிலும் கேமரன்மலை முகாம் இடங்களிலும் கேம்பர்வேன்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பழைய ஹையேஸ் வேனில் கட்டில், அடுப்பு, சோலார் தகடு பொருத்திக்கொண்டவர்கள் ஒரு பக்கம். லோரிச் சட்டத்தின் மீது கட்டிய முழு மோட்டார்ஹோமை வாடகைக்கு எடுத்து வந்தவர்கள் இன்னொரு பக்கம். தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, குளிர்பெட்டி எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கப்படுகின்றன. கூரையில் கை வைக்க வேண்டிய நேரம் வரும்போது மட்டும் டயர் மேல் ஒரு கால், பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஒரு கால் என்று காரியம் நடக்கிறது.

கூரைக்குப் போக வேண்டிய தேவை அடிக்கடி வரும். மரத்தடியில் நிறுத்திய வண்டியின் சோலார் தகட்டில் இலையும் பறவை எச்சமும் படிந்தால் மின்சாரம் குறையும். மழை வரும் நேரத்தில் கூரைச் சன்னல் மூடாமல் அடம்பிடிக்கும். கூரைக் கூடாரம் போட்டவர்களுக்கோ தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும் வேலை. சாதாரண ஹையேஸ் வேனின் கூரை தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர். உயர்ந்த கூரை வகை சுமார் 2.3 மீட்டர், மோட்டார்ஹோம் என்றால் 3 மீட்டரைத் தொடும். பார்வைக்கு இது பெரிய உயரமாகத் தெரியாது. ஆனால் 2 மீட்டரிலிருந்து பின்பக்கமாகத் தார்ச்சாலையில் விழுந்தால் இடுப்பெலும்பும் முதுகெலும்பும் உடையலாம். தலை அடிபட்டால் உயிரே போகலாம். அதிலும் பயணம் போகும் இடங்கள் பெரும்பாலும் மருத்துவமனைக்குத் தூரமானவை. பெலும் காட்டுப் பக்கம் அடிபட்டவரை கிரிக் வரையாவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

முதல் கேள்வி: கூரை மீது ஏற வேண்டுமா, எட்டினால் போதுமா?

ஏணி வாங்கச் செல்பவர்களில் பலர் இதைக் கேட்டுக்கொள்வதில்லை. சாதாரண உயரமுள்ள வேனுக்கு மூன்று படி கொண்ட விரிகால் ஏணியே போதும். அதில் நின்றுகொண்டு நீளக் கம்பு பொருத்திய துடைப்பானால் சோலார் தகட்டைத் துடைத்துவிடலாம். கூடாரத்தின் பட்டையை அவிழ்க்கலாம். பொருள் தாங்கியில் பெட்டியைக் கட்டலாம். மடக்கினால் ஒரு சாண் கனம்கூட இருக்காது. கட்டிலுக்கும் பக்கச் சுவருக்கும் இடையே செருகிவிடலாம். அகலமான படியும், இடுப்பளவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வளையமும் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. கூரை மீது கால் வைக்காமலே வேலை முடிந்தால் பாதி ஆபத்து அங்கேயே கழிந்துவிடும். இன்னொன்று: எல்லாக் கூரையும் மனிதர் நடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. வண்டிக் கையேட்டிலோ மாற்றியமைத்த பட்டறையிலோ அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் நீளக் கணக்கு வருகிறது. சாய்த்து வைக்கும் ஏணிக்கு உலகெங்கும் பின்பற்றப்படும் அளவு, நாலுக்கு ஒன்று. ஏணி சாய்ந்திருக்கும் இடம் 3 மீட்டர் உயரம் என்றால், அதன் அடி சுவரிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; 2 மீட்டர் என்றால் 50 சென்டிமீட்டர். இதைவிடச் செங்குத்தாக நிறுத்தினால் ஏறுபவரோடு பின்னால் சாயும். இதைவிடப் படுக்கையாக வைத்தால் அடி வழுக்கும். அடுத்த விதி, மேலே இறங்கி நிற்கும் இடத்தைத் தாண்டி ஏணி சுமார் 1 மீட்டர் நீண்டிருக்க வேண்டும் என்பது. கூரையிலிருந்து ஏணிக்குத் திரும்பும் அந்த ஒரு நொடியில் கைக்குப் பிடி வேண்டும்; விழுபவர்களில் பலர் விழுவது அந்த நொடியில்தான்.

இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2 மீட்டர் கூரைக்கு 3.1 மீட்டர் ஏணி தேவை. கடையில் கிடைக்கும் 3.2 மீட்டர் சரியாக இருக்கும். 2.3 மீட்டர் கூரைக்கு 3.4 மீட்டர் வேண்டும்; 3.8 மீட்டர் ஏணியை வாங்கலாம். 3 மீட்டர் மோட்டார்ஹோமுக்கு 4 மீட்டருக்கு மேல் தேவை. ‘3 மீட்டர் கூரைக்கு 3 மீட்டர் ஏணி’ என்று வாங்கியவர், கடைசிப் படியில் நின்று கூரையைக் கட்டிப்பிடித்து ஏற வேண்டிவரும். ஏ வடிவில் விரித்து நிறுத்தும் ஏணி என்றால் உயரம் பாதிக்கும் சற்றுக் குறைவாகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

நீட்டிச் சுருக்கும் ஏணி

கேம்பர்வேன் வைத்திருப்போர் அதிகம் விரும்புவது டெலஸ்கோப்பிக் ஏணியைத்தான். காரணம் தெளிவு. 3.2 மீட்டர் ஏணி, சுருக்கினால் ஒரு மீட்டருக்கும் குறைவான பொதியாகிவிடும். எடை சுமார் 10 கிலோ. பின்கதவைத் திறந்ததும் எட்டும் இடத்தில் படுத்துக்கொள்ளும்.

அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் எதில் கவனம் வேண்டும் என்பது விளங்கும். இரு பக்கமும் அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கின்றன. ஒவ்வொரு படியின் இரு முனையிலும் ஓர் உலோக முள் உண்டு. குழாய் முழுதாக நீண்டதும் அந்த முள் துளைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். ‘டக்’ என்ற ஓசை கேட்கும். சிலவற்றில் சிவப்பு மறைந்து பச்சை தெரியும். ஒரு பக்கம் பூட்டி மறுபக்கம் பூட்டாமல் விட்டால், ஆள் ஏறிய பிறகு அந்த அடுக்கு திடீரென்று கீழே சரியும். அதனால் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு படியிலும், இரு பக்கமும் பார்த்தாக வேண்டும். அலுப்பான வேலைதான். அந்த அலுப்பு தனக்கு ஒத்துவராது என்று நினைப்பவர் வேறு வகை ஏணியை வாங்குவதே மேல்.

முள்ளுக்கு எதிரி மணல். செராத்திங்கிலோ போர்ட்டிக்சனிலோ ஏணியை மணலில் கிடத்திவிட்டுச் சுருக்கினால், குழாய்களுக்கு இடையே மணல் புகுந்து அரைக்கும். முள் பாதியில் நின்றுவிடும். கடற்காற்றின் உப்பு அதை இன்னும் மோசமாக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டிய நிலையில் காயவைத்துப் பிறகு சுருக்க வேண்டும். கையில் கிடைத்த எண்ணெயைப் பூசுவது தவறு. எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுருக்கும்போது விரல் நசுங்குவது இந்த ஏணியின் பழைய குறை. மலிவான வகைகளில் மேல் அடுக்கு தடாலென்று இறங்கும். மெதுவாக இறங்கும் அமைப்பு உள்ளவை சற்று விலை கூடுதல். வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அந்தக் கூடுதல் காசு வீணாகாது. முழுதாக நீட்டாமல் பாதி நீளத்தில் பயன்படுத்தும்போது எந்த அடுக்குகளை முதலில் திறப்பது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கையேட்டைப் பார்த்தே செய்ய வேண்டும். நடுவில் சற்று வளைவதும் இந்த வகைக்கு இயல்பு. பருமனான உடல்வாகு கொண்டவருக்கு அந்த ஆட்டம் பயத்தைத் தரும். பயந்தவர் சரியாகப் பிடிக்கமாட்டார்.

கீல் வைத்து மடக்கும் ஏணி கனமானது, மடக்கினாலும் தடிமன் குறையாது. ஆனால் ஏ வடிவில் தானாகவே நிற்கும். ஃபைபர் உடலுள்ள மோட்டார்ஹோமில் சாய்த்தால் பள்ளம் விழும், பெயிண்ட் உரியும் என்று கவலைப்படுபவர்களுக்கு இதுவே பொருத்தம். கீல் ஒவ்வொன்றும் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை இதிலும் உண்டு.

வண்டியின் பின்புறம் நிரந்தரமாகப் பொருத்தும் ஏணியை அழகுக்காகவே போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் எடை வரம்பு உண்டு. மோட்டார்ஹோம்களில் பொருத்தப்படும் பலவற்றுக்கு அது சுமார் 113 கிலோ. ஏறுபவரும் அவர் தூக்கிச் செல்லும் பொருளும் சேர்ந்த கணக்கு அது. ஹையேஸ் போல மேல்நோக்கித் திறக்கும் பின்கதவில் மாட்டினால், கதவைத் தாங்கும் கேஸ் தண்டு கூடுதல் எடையையும் சுமக்க வேண்டும். திருகு துளைத்த இடங்களில் சீலண்ட் வெடித்தால் மழைநீர் உள்ளே கசியும். ஆண்டுக்கு ஒரு முறையாவது திருகுகளை ஆட்டிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் எதை மாட்டினாலும் நம்பர் பிளேட்டையும் விளக்குகளையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் ஜேபிஜே சம்மன் வரும்.

ஒட்டிய ஸ்டிக்கரும் உண்மைத் தரமும்

இணையக் கடைகளில் ஏறக்குறைய எல்லா ஏணியும் ‘150 கிலோ தாங்கும்’ என்றே விளம்பரம் செய்யப்படுகிறது. நம்பகமான அடையாளம் வேண்டுமானால் ஐரோப்பியத் தரமான இஎன் 131ஐத் தேடலாம். அதில் ஆறாம் பகுதிதான் டெலஸ்கோப்பிக் ஏணிக்கு உரியது. கீல் வைத்தவற்றுக்கு நான்காம் பகுதி. வெறுமனே ‘இஎன் 131’ என்று மட்டும் எழுதி, பகுதி எண்ணோ தயாரிப்பாளர் பெயரோ இல்லாத ஸ்டிக்கரை யாரும் அச்சடித்து ஒட்டிவிடலாம். இந்தத் தரத்தில் தொழிலுக்கு, வீட்டுக்கு என இரு பிரிவுகள் உள்ளன. இரண்டுக்கும் எடை வரம்பு 150 கிலோதான். உழைப்புச் சோதனையில்தான் வேறுபாடு. விரிகால் ஏணிகளில் தொழில் பிரிவுக்கு 50,000 சுற்றும், வீட்டுப் பிரிவுக்கு 10,000 சுற்றும் சோதிக்கப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு மாற்றத்துக்குப் பிறகு, 3 மீட்டருக்கு மேற்பட்ட சாய்வு ஏணிக்கு அடிப்பகுதி அகலமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் மாட்டப்பட்டிருக்கும். 3.8 மீட்டர் ஏணியில் அந்தச் சட்டம் இல்லை என்றால் ஸ்டிக்கரைச் சந்தேகிக்கலாம். சிலர் சிஇ முத்திரையைப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள். ஐரோப்பாவில் வீட்டு ஏணிக்குச் சிஇ முத்திரை இடும் முறையே கிடையாது. அது இருப்பதே ஐயத்துக்கு இடம்.

அமெரிக்கத் தயாரிப்பு என்றால் எடை பவுண்டில் இருக்கும். இரண்டாம் வகை 225 பவுண்டு, அதாவது 102 கிலோ. முதல் வகை 250 பவுண்டு, 113 கிலோ. ஒன்று-ஏ 300 பவுண்டு, 136 கிலோ. 90 கிலோ எடையுள்ளவர் 15 கிலோ கூடாரப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினால் இரண்டாம் வகையின் வரம்பைத் தாண்டிவிடுகிறார். உண்மையில் பையைத் தோளில் போட்டு ஏறவே கூடாது. கயிறு கட்டி மேலே இழுப்பதுதான் முறை.

வைக்கும் இடம்

வாங்குவதற்கு முன் வண்டிக்குள் ஏணி படுக்கப்போகும் இடத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். பெட்டியின் வாய் அகலத்தையும் சேர்த்து. உள்ளே கட்டாமல் கிடக்கும் 10 கிலோ அலுமினியம் திடீர் பிரேக்கில் முன்சீட்டை நோக்கிப் பறக்கும். தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் வளைவுகளில் அது பக்கவாட்டில் உருளும். இரண்டு இடத்தில் பட்டை போட்டு இறுக்கினால் கடகட ஓசையும் நிற்கும், முள் தேய்மானமும் குறையும். கட்டிலுக்கு அடியில் எல்லாவற்றுக்கும் பின்னால் தள்ளிவைத்தால் அவசரத்தில் யாரும் எடுக்கமாட்டார்கள். நாற்காலி மீதே ஏறுவார்கள்.

முகாம் இடத்தில்

தரைதான் பெரிய பிரச்சினை. மழையில் ஊறிய புல்தரையில் ஏணியின் ஒரு கால் மட்டும் புதையும். ஓர் அடி அகலத்துக்குத் தடிமனான பலகைத் துண்டு ஒன்றைக் கூடவே எடுத்துச் செல்லலாம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகே சாய்க்க வேண்டும். கூரையில் ஆள் ஏறினால் வண்டி ஸ்பிரிங்கில் ஆடும்; அதோடு ஏணியின் தலையும் நகரும். எனவே மேல்முனையைத் தாங்கிக் கம்பியில் கட்டுவதும், கீழே ஒருவர் பிடித்துக்கொள்வதும் தேவை. சன்னல் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, நிழற்கூரை ஆகியவற்றின் மீது ஏணியைச் சாய்க்கவே கூடாது.

கைலியும் சிலிப்பரும் முகாமுக்கு வசதிதான், ஏணிக்கு ஆகாது. பின்பட்டை உள்ள காலணி வேண்டும். நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் படியில் கால் சரியாகப் பதிந்ததா என்பதை உணரமுடியாது. தலைசுற்றல் தரும் மருந்து எடுப்பவர்களும் அப்படியே. நம் குடும்பங்களில் வழக்கமாக ஏறுவது வீட்டுப் பெரியவர்தான். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அவர் ஏணியைப் பிடிக்கும் முன், பிள்ளைகளில் ஒருவர் ஏறுவது நல்லது. இடி மின்னல் மிகுந்த நாடு இது. தூரத்தில் இடி கேட்டாலே கூரை வேலையை நிறுத்திவிட வேண்டும். கம்பத்து வீடுகளின் ஓரம் நிறுத்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்த்த பிறகே அலுமினிய ஏணியை நீட்ட வேண்டும். ஃபைபர்கிளாஸ் ஏணி மின்சாரத்தைக் கடத்தாது; ஆனால் அதே நீளத்தில் எடை கூடும், சுருங்கும் வசதியும் குறைவு.

வளைந்த குழாய், முழுதாக வெளிவராத முள், கிழிந்த ரப்பர் பாதம் இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஏணியை ஒதுக்கிவிட வேண்டும். ரப்பர் பாதம் மட்டும் தனியாகக் கிடைக்கும். வளைந்த குழாயைத் தட்டி நிமிர்த்தினால் பழைய பலம் திரும்பாது. தூக்கிப்போடுவதற்கு முன் பக்கச் சட்டங்களை அறுத்துவிட வேண்டும். அப்படியே குப்பைத்தொட்டி அருகே வைத்தால், நல்ல ஏணி என்று நினைத்து வேறு யாராவது எடுத்துப்போய் ஏறுவார்கள்.