ஆத்தா வந்த வீடு: வேப்பிலையும் அம்மைப்பாலும்

இந்தோனேசியாவில் உடம்பு அசந்து, வயிறு உப்பி, குளிர் எடுத்தா 'மாசுக் ஆங்கின்'னு சொல்வாங்க. காத்து உள்ளே புகுந்துடுச்சுன்னு அர்த்தம். எண்ணெய் தடவி, நாணயத்தால முதுகு சிவக்கச் சிவக்க இழுத்துத் தேய்ச்சா அந்தக் காத்து வெளியேறிடும்னு நம்புறாங்க. டாக்டர் புத்தகத்துல இந்தப் பேர்ல நோய் கிடையாது. ஆனா அங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். இதைப் படிச்சப்போ எனக்கு எங்க ஆமத்தூர் ஞாபகம்தான் வந்தது. எங்க ஊர்ல வர்றது காத்து இல்லை, ஆத்தா.

'அம்மை வந்திருக்கு'ன்னு எங்க பாட்டி வாயால சொல்லவே மாட்டாங்க. 'ஆத்தா வந்திருக்கா', 'முத்து போட்டிருக்கு', அவ்வளவுதான். வாசல்ல வேப்பிலை செருகிட்டா அந்த வீட்டுக்குள்ள வெளியாள் வரமாட்டாங்க. தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது. இளநீர், கூழ், உடம்புல அரைச்ச வேப்பிலையும் மஞ்சளும். தலைக்கு மூணு தண்ணி ஊத்தின பிறகுதான் ஆத்தா இறங்கினதா கணக்கு. சின்னம்மை, தட்டம்மை எல்லாத்துக்கும் இதேதான். பொன்னுக்குவீங்கிக்கு மட்டும் கழுத்துல தங்கச் சங்கிலி. அப்புறம் இருக்கன்குடி மாரியம்மனுக்கோ, விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்கோ நேர்த்திக்கடன்.

இதைக் கேலி செய்யறது சுலபம். ஆனா இந்தப் பழக்கமெல்லாம் பெரியம்மை காலத்துல உருவானது. வந்தவங்கள்ல பத்துக்கு மூணு பேரைக் கொண்டுபோன நோய் அது. வந்த பிறகு குணப்படுத்த எந்த ஊர் வைத்தியத்திலும் மருந்து இல்லை. நோயாளியைத் தனியா வைக்கிறது, குளிர்ச்சியா குடிக்கக் கொடுக்கிறது, வேத்தாளை உள்ளே விடாதது. செய்ய முடிஞ்சதைச் செஞ்சிருக்காங்க.

வராம தடுக்கிற வழி வெளியிலிருந்துதான் வந்தது. ஜென்னரோட புத்தகம் 1798இல் வெளியானது. 1802 ஜூன் 14ஆம் தேதி பம்பாயில் மூணு வயசுக் குழந்தை ஒண்ணுக்கு இந்தியாவின் முதல் தடுப்பூசி போட்டாங்க. சென்னைக்கும் அது சீக்கிரமே வந்துடுச்சு. சனங்கதான் கையை நீட்டலை. காரணம் வெறும் சாமி பயம் இல்லைங்க. அப்போ ஒரு குழந்தையின் கையில கிளம்பின கொப்புளத்துல இருந்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் கீறி வைப்பாங்க. யார் வீட்டுப் பிள்ளை நீர் யார் வீட்டுப் பிள்ளை உடம்புல? சாதி பார்க்கிற ஊர்ல இது லேசான கேள்வியா!

இங்கதான் நம்ம எல்லிஸ் துரை வர்றார். திருக்குறளை மொழிபெயர்த்த அதே ஆள். சனங்களைச் சம்மதிக்க வைக்க அவர் தமிழில் ஒரு கதையே கட்டினார். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கிற மாதிரி. அதுல இந்தப் புது மருந்து பசு தர்ற கொடை. கெட்டிக்காரத்தனம்தான், ஆனா புராணம் மாதிரி வேஷம் போட்ட விளம்பரம்னும் சொல்லலாம். 1819இல் அவர் இறந்தது ராமநாதபுரத்தில். நம்ம விருதுநகர் பக்கமெல்லாம் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தானே!

தடுப்பு மருந்துக்குத் தமிழ்ல நிலைச்ச பேர் 'அம்மைப்பால்'. 1899இல் கிண்டியில் தொடங்கின கிங் நிலையம் முதல்ல இந்த அம்மைப்பால் கிடங்குதான். கன்றுக்குட்டி மேல வளர்த்து எடுத்ததால, ஒரு கையில இருந்து இன்னொரு கைங்கிற பேச்சு அதோட ஓய்ஞ்சது. 1975 மே மாசத்தோட இந்தியாவுல பெரியம்மை நின்னுச்சு. 1980இல் உலகத்துலயே இல்லைன்னு அறிவிச்சாங்க.

பெரியம்மை போயிடுச்சு, அந்த விரதம் போகலை. இப்போ அதெல்லாம் சின்னம்மைக்கு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானா சரியாகிடும். பெரியவங்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அப்படி இல்லை, நுரையீரல் வரைக்கும் போகலாம். கொப்புளம் கிளம்பின 24 மணி நேரத்துக்குள்ள ஏசைக்ளோவிர் மாத்திரை தொடங்கினா நல்ல பலன் உண்டு.

எங்க அத்தைக்கு 34 வயசுல வந்தது. பட்டாசு வேலைக்கு லீவு சொல்லிட்டுப் படுத்தாங்க. ஆத்தா வந்த உடம்புல ஊசி படக்கூடாதுன்னு அஞ்சு நாள் வீட்டிலேயே வெச்சிருந்தோம். நானும்தான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் மதுரைக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சுட்டாங்க. டாக்டர் திட்டவே இல்லை. "வேப்பிலை இருக்கட்டும்மா, மாத்திரையையும் போடு"ன்னு மட்டும் சொன்னார்.

ரெண்டு வருஷம் கழிச்சு என் தம்பிக்கு வந்தப்போ, முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது அத்தைதான். நாங்க திரும்பி வர்றதுக்குள்ள வாசல்ல வேப்பிலையும் செருகி வெச்சிருந்தாங்க.