இலவச லேப்டாப்பும் நான் அழிக்கச் சொன்ன பாடமும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். இதில் என் தப்பு ஒன்றும் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவு முடிந்தது. நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய கம்ப்யூட்டருக்கு 11 ஏறாதாம். கடையில் கேட்டேன், "புதுசு வாங்கிருங்க டீச்சர்" என்றார்கள். நல்லா ஓடுகிற மெஷினை எதற்குத் தூக்கிப் போடணும்? தங்கச்சி மகனிடம் புலம்பினேன். அவன் ஒரு பென் டிரைவைச் சொருகி, "பெரியம்மா, பழசை அழிக்காமலே இதை ஓட்டிப் பாருங்க. பிடிச்சா மட்டும் போட்டுக்கலாம்" என்றான். லினக்ஸ் மின்ட். காசு கிடையாது. இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னேன். மெனுவெல்லாம் தமிழில் வந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு 2012 ஞாபகம் வந்துவிட்டது.

அதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமைகளோடு மென்பொருள் செய்யப்போவதாக அறிவித்தார். அதுதான் குனு திட்டம். 1991-இல் பின்லாந்தில் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், அதற்குத் தேவைப்பட்ட கருவை எழுதினார். அதுதான் லினக்ஸ். ஆங்கிலத்தில் காசில்லாததும் 'ஃப்ரீ', சுதந்திரமானதும் 'ஃப்ரீ'. தமிழில் அந்தக் குழப்பம் இல்லை. ஒன்று விலையில்லாதது, இன்னொன்று கட்டற்றது.

நம் நாட்டில் சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் 'பாஸ்' லினக்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. தமிழும் மற்ற இந்திய மொழிகளும் அதில் உண்டு. அதே காலத்தில் நம் மாநில எல்காட் நிறுவனமும், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, சூஸி லினக்ஸுக்கு மாறியது. பிறகு 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. நம்ம பக்கம் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸும் இருந்தது, பாஸும் இருந்தது.

அஞ்சாப்பில் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, பிளஸ் டூ முடித்துவிட்டு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா விடிகாலை ஜீப்பில் குமுளி மலைக்கு ஏலக்காய்க் காட்டு வேலைக்குப் போகிறவர். "டீச்சர், திறந்தா பாஸுன்னு ஒண்ணு வருது. என்னது அது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "அது எதுக்குமா? கடையில கொடுத்து அழிச்சுட்டு நல்ல விண்டோஸா போட்டுக்க" என்று சொல்லிவிட்டேன்.

கடையில் போட்டுக் கொடுத்தது திருட்டு நகல். வைரஸ் ஏறி, காலேஜ் இரண்டாம் வருஷத்திலேயே படுத்துவிட்டது. புராஜெக்ட்டை பிரவுசிங் சென்டரில் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அடித்தாளாம். அவள் அம்மாதான் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சொன்னார். கூலிக்காசு அது.

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அங்கே கேரளத்தில் 2001-லேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கி, பிறகு உயர்நிலைப் பள்ளிகள் முழுக்க லினக்ஸுக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் தேர்வையே அதில்தான் எழுதினார்கள். முதலில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பிள்ளைகள் கையில் பொருள் வந்தது, சொல்லித்தர எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் அதையே சாக்காகச் சொல்லி நான் தப்பிக்க முடியாது. அதே 2012 ஜனவரியில் 'கணியம்' என்ற மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே எழுதத் தொடங்கியிருந்தது. தேடியிருந்தால் கிடைத்திருக்கும்.

இப்போது என் மெஷினில் தமிழ்99 விசைப்பலகை. 1999-இல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை. 'க'வைத் தட்டி 'ஆ'வைத் தட்டினால் 'கா'. ஒண்ணாப்பில் உங்களுக்குக் கரும்பலகையில் உயிரும் மெய்யும் சேர்த்துக் காட்டினேனே, அதேதான். இந்தப் பதிவும் அதில் அடித்ததுதான். குறையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய பிரிண்டர் இன்னும் ஒத்துவரவில்லை. விண்டோஸுக்கென்றே செய்த சில மென்பொருள்கள் ஓடாது.

அந்தப் பிள்ளையிடம் போன வாரம் போனில் பேசினேன். நான்தான் அழிக்கச் சொன்னேன் என்றேன். "அப்பிடியா டீச்சர்? எனக்கு ஞாபகமே இல்ல" என்று சிரித்தாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த லேப்டாப் இன்னும் பரணில்தான் கிடக்கிறதாம். கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கம்பம், சின்னமனூர், தேனி என்று எங்கே இருந்தாலும் சொல்லுங்கள். தங்கச்சி மகனும் நானும் பார்க்கிறோம். எல்லாம் உயிர்க்கும் என்று சொல்லமாட்டேன். உயிர்த்தால், உங்கள் பிள்ளைகள் தமிழில் திறந்து பார்க்கட்டும். "இது என்னது?" என்று கேட்டால், தெரியாவிட்டாலும் என்னை மாதிரி அழிக்கச் சொல்லாதீர்கள். கூட உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்