ஜனவரிக் கவாத்து, மே மாத ரோஜா

மே மாதக் காலை. எல்க்ஹில் சரிவில் பனி விலகுவதற்குள் ஊட்டி ரோஜா பூங்காவின் வாசலில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. உள்ளே சரிவோடு இறங்கும் ஐந்து அடுக்குகள், சுமார் 10 ஏக்கர். நிலா மாடத்தில் ஏறி நின்றால் சிவப்பு, மஞ்சள், இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பாத்தி பாத்தியாகத் தெரியும். கீழே இறங்கி ஒரு செடியருகே குனிந்தால்தான் மணம் கிடைக்கும்.

ஊட்டி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டு நினைவாக, விஜயநகரம் பகுதியில் 1995இல் தோட்டக்கலைத் துறை அமைத்த பூங்கா இது. தோட்டக்கலைஞர் மெக்ஐவர் 1848இல் உருவாக்கத் தொடங்கிய ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு முன்னால் இது சின்னஞ்சிறு பிள்ளை. ஆனாலும் பதினோரே ஆண்டுகளில், 2006இல் ஜப்பானின் ஒசாகாவில், உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு இதற்குச் சிறந்த பூங்காவுக்கான விருதை வழங்கியது. இன்று இங்கே 4,000க்கும் மேற்பட்ட ரகங்கள் இருக்கின்றன.

நீலகிரிக்கு ரோஜா புதிதல்ல. சோலைக் காடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பூ விரிக்கும் காட்டு ரோஜாக் கொடி இந்த மண்ணுக்கே உரியது. லெஷெனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயரை அறிவியல் அதற்குச் சூட்டியிருக்கிறது.

பூங்காவின் பாத்திகளில் நிற்பவையோ நெடுந்தூரம் சுற்றி வந்தவை. ஐரோப்பாவின் பழைய ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே முறைதான் பூக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீன ரோஜாக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. அவை திரும்பத் திரும்பப் பூப்பவை. இரண்டையும் மகரந்தம் சேர்த்துக் கலந்ததில் புதுப்புது வகைகள் பிறந்தன. 1867இல் பிரான்ஸில் ரோஜா வளர்ப்பாளர் கியோ அறிமுகப்படுத்திய 'லா பிரான்ஸ்' அவற்றில் புகழ்பெற்றது. நம் வீட்டுத் தொட்டிகளில் பன்னீர் ரோஜா என்று வளரும் எட்வர்ட் ரோஜாவும் சீன ரத்தம் கலந்த குடும்பம்தான். அதன் பூர்வீகம் இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவு.

திரும்பப் பூக்கும் அந்தக் குணத்தை நம்பித்தான் ஊட்டித் தோட்டக்காரர்கள் நாள் குறிக்கிறார்கள். மே மாதப் பூவுக்கு ஜனவரியிலேயே கவாத்து. உறைபனிக் காலத்தில், வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்கு மேலே சாய்வாக ஒரு வெட்டு. நோய் பிடிக்காமலிருக்க வெட்டுவாயில் பூஞ்சாணக்கொல்லிப் பசை. அப்போது வருபவர்களுக்குத் தெரிவது வெறும் குச்சிகள்தான். பிறகு துளிர் விட்டு, ஏப்ரலில் மொட்டு கட்டி, கோடை சீசனுக்குச் சரிவு முழுக்க விரியும்.

கூட்டம் படமெடுத்து முடிவதற்குள் ஒரு பணியாளர் கத்தரியோடு பாத்திக்குள் இறங்குகிறார். வாடிய பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலையைத் தேடி, அதற்குச் சற்று மேலே நறுக்குகிறார். அந்தக் கணுவில் ஏற்கெனவே செந்நிறத்தில் ஒரு துளிர் புடைத்திருக்கிறது.