சமரசமும் துணையும்: குடும்ப வன்முறையில் முதலில் கேட்பவரின் இடம்

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019-21) தரும் இரு செய்திகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள்; அகில இந்திய அளவு 29. உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான இந்தியப் பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காட்டினர் மட்டுமே. 77 விழுக்காட்டினர் உதவியும் நாடவில்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை.

இந்த மௌனத்தை விழிப்புணர்வுக் குறை என்று விளக்குவது வழக்கம். அந்த விளக்கத்தை ஏற்றால் தீர்வும் தயாராக இருக்கிறது: இன்னும் சில சுவரொட்டிகள், இன்னும் ஓர் உதவி எண். ஆனால் சொன்னால் என்ன பதில் வரும் என்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும். அம்மா, அண்ணி, எதிர்வீட்டு அக்கா, நிலையத்துக் காவலர் என யாரிடம் போனாலும் 'கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா' என்பதே பதில். பலன் இல்லாத இடத்தில் வாய்திறப்பது ஆபத்தை மட்டும் கூட்டும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். ஆகவே ஆதரவுச் சேவைகளின் பலவீனமான கண்ணி சட்டத்திலோ கட்டடத்திலோ இல்லை, முதலில் கேட்பவரிடம் இருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அவர் சமரசம் பேசுபவராக இருப்பதா, துணைக்கு வருபவராக மாறுவதா என்பதில்தான் மற்றவை நிற்கின்றன.

சட்டம் யாரை நம்பி எழுதப்பட்டது

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அடுத்த ஆண்டு அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு ஆணை, வசிப்பிட ஆணை, பண நிவாரணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு ஆகிய நீதிமன்ற ஆணைகளுக்காகவே அது பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் நடுவரிடம் மனுச் செய்வது 12ஆம் பிரிவில்தான் வருகிறது. அதற்கு முந்தைய பிரிவுகள் வேறோர் உலகைக் கற்பனை செய்கின்றன. வன்முறை நடந்தது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் உள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம்; நல்லெண்ணத்தோடு தந்தவர்மீது வழக்குப் பாயாது என்கிறது 4ஆம் பிரிவு. கேட்டுக்கொள்ளப்பட்டால் தங்கும் இல்லமும் மருத்துவமனையும் பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு இடமும் சிகிச்சையும் தந்தாக வேண்டும் என்கின்றன 6, 7ஆம் பிரிவுகள். தன்னார்வ அமைப்புகள் சேவை வழங்குநராகப் பதிவு பெற்று, குடும்ப நிகழ்வு அறிக்கையைத் தாமே எழுத 10ஆம் பிரிவு வழிவிடுகிறது. 2006ஆம் ஆண்டு விதிகளில் பாதுகாப்புத் திட்டம் என்று தனிப் படிவமே இருக்கிறது. நீதிமன்றத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டையும் மருத்துவமனையையும் வைத்துத்தான் இந்தச் சட்டம் வரையப்பட்டது.

இந்த அமைப்பின் அச்சாணி பாதுகாப்பு அலுவலர். மாவட்டத்துக்கு எத்தனை பேர் என்பதை 8ஆம் பிரிவு மாநில அரசின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. மாவட்ட, வட்ட அளவில் அலுவலர்களைக் கண்டறிந்து பாதுகாப்பு அலுவலர்களாக அறிவிக்குமாறு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து ஏறத்தாழ இருபதாண்டுகள் ஆன பிறகும் அச்சாணியையே தேட வேண்டிய நிலை.

மனு ரசீதின் வழி

அந்த இடைவெளியில் தமிழ்நாட்டுப் பெண்கள் போய் நின்ற இடம் அனைத்து மகளிர் காவல் நிலையம். முதலாவது நிலையம் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கப்பட்டது. பெண் ஒருத்தி பெண் அதிகாரியிடம் பேச முடிவது சிறிய மாற்றமல்ல. ஆனால் அங்கே மனு எந்த வழியில் போகிறது என்று பார்க்க வேண்டும். மனுவைக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது கிடைக்கும். மறுநாளோ அடுத்த வாரமோ இரு தரப்பும் அழைக்கப்படும். அவன் தரப்பில் நாலு பேர், அவள் தரப்பில் நாலு பேர். பேச்சு முடிவில் 'இனி அடிக்க மாட்டேன்' என்று ஒரு தாளில் எழுதி அவன் கையெழுத்துப் போடுவான். மனு முடிந்தது. தாள் நிலையத்தில் இருக்கும், அவள் அவன் வீட்டில் இருப்பாள்.

இங்கே குறை சமரசம் நடந்தது என்பதல்ல. அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே தராசின் இரு தட்டுகளாக வைக்கப்பட்டதும், பிறகு எவரும் போய்ப் பார்க்காததும்தான் குறை. நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனைக்கு 2006 விதிகள் வைத்த நிபந்தனை இதற்கு நேர்மாறானது: தம் வன்முறைக்கு எதிர்த்தரப்பினர் நியாயம் கற்பிக்க அங்கே அனுமதியில்லை, வன்முறை திரும்ப நிகழாது என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் நோக்கம். 'அவ ஏன் எதிர்த்துப் பேசினா' என்ற கேள்வியை விதியே விலக்கிவைத்திருக்கிறது. நிலையத்து மேசையிலோ பேச்சு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

பதிவேட்டின் ஒரு வரி

காவல் நிலையத்துக்கு வராதவர்களும் அரசு மருத்துவமனைக்கு வருகிறார்கள். அவசரப் பிரிவின் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் அவர்கள் ஒரு வரியாகிறார்கள்: 'தெரிந்த நபர் ஒருவரால் கையால் தாக்கப்பட்டதாகச் சொல்கிறார்.' கணவன் கட்டிலருகே நின்றால் அந்த வரியும் மாறும். படியில் வழுக்கி விழுந்திருப்பாள், அடுப்படியில் இடித்துக்கொண்டிருப்பாள். பூச்சிமருந்து குடித்து வந்தவள் 'வயிற்று வலி தாங்காமல்' குடித்திருப்பாள். மருத்துவமனைக்குக் காயம் தெரிகிறது. காரணத்தைத் தனியாக அழைத்துக் கேட்கும் கடமை எவருக்கும் இல்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை பாந்த்ரா பாபா மருத்துவமனையின் 'திலாசா' மையம் சான்று. செஹாத் என்ற ஆய்வு அமைப்பும் மும்பை மாநகராட்சியும் சேர்ந்து 2000-01 வாக்கில் அதைத் தொடங்கின. மருத்துவமனையின் சொந்தப் பணியாளர்களுக்கே பயிற்சி தந்து, காயமும் சொல்லப்பட்ட காரணமும் பொருந்தாத இடத்தில் தனியாகக் கேட்கப் பழக்கியது அதன் முறை. பின்னர் அம்முறை மும்பையின் பிற பொது மருத்துவமனைகளுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையங்களும் 2018 முதல் 181 உதவி எண்ணும் உள்ளன. அவை பெண் தானாக வந்து தட்டும் கதவுகள். திலாசா அவள் ஏற்கெனவே வந்து நிற்கும் இடத்தில் திறந்த கதவு.

ஊர் என்பது யார்

அப்படியானால் பொறுப்பை ஊரிடம் விட்டுவிடலாமா? ஊர் வன்முறையைக் கேட்கும் காது. அதைப் புதைக்கும் கையும் அதுவே. புதுக்கோட்டையை மையமாகக் கொண்டு செயற்பாட்டாளர் ஷரீபா கானமும் அவருடைய 'ஸ்டெப்ஸ்' அமைப்பும் முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கியது இதனால்தான். மணவாழ்வுப் பிணக்குகளைத் தீர்த்துவைத்த ஜமாஅத்துகளில் பெண்கள் உட்கார முடியவில்லை. தன் வழக்கு பேசப்படும் அவைக்கு அவளே வெளியாள். அவர்கள் ஊர் அவையைக் கைவிடவில்லை, அதில் உட்காருபவர்களை மாற்றினார்கள்.

வன்முறை என்று பெயர் சொல்லாத ஏற்பாடுகளும் துணையாகின்றன. 2021இல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் வந்த, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை இந்தக் கோணத்தில் எவரும் எண்ணுவதில்லை. பத்து ரூபாய்க்கும் கணவனிடம் கை நீட்ட வேண்டியவள் காரணம் சொல்லாமல் பக்கத்து நகருக்குப் போய்வர முடிவது அதனால்தான். மறுபுறம், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவை அவன் வீட்டுப் பெட்டியில் இருப்பதாலேயே திரும்பிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பெட்டியை எடுக்க உடன் வரும் ஒருவர், அந்த வாரத்தில், வழக்கறிஞரைவிட அவசியமானவர்.

இரு மறுப்புகள்

வருகிற பெண்களில் பலர் பிரிய விரும்பவில்லையே, சமரசத்தை மறுப்பது அவர்கள் விருப்பத்தை மறுப்பதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பிரியாமலே அடி நிற்க வேண்டும் என்பவளுக்காகவும் எழுதப்பட்டது. 17ஆம் பிரிவு அவளுக்கு வீட்டில் வாழும் உரிமை தருகிறது. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கும் அது பொருந்தலாம் என்று சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. போவதா இருப்பதா என்று முடிவுசெய்வது துணைக்கு வருபவரின் வேலையல்ல. அவள் எடுத்த முடிவு பாதுகாப்பாக நடக்கிறதா என்று பார்ப்பதே வேலை.

அங்கன்வாடிப் பணியாளர்மீதும் கிராம சுகாதாரச் செவிலியர்மீதும் இன்னொரு சுமையா என்பது அடுத்த மறுப்பு. அவர்களும் அதே தெருவில் குடியிருப்பவர்கள். நாளை அவன் அவர்கள் வாசலில் வந்து நிற்பான். ஆகவே விசாரணையை அவர்களிடம் தரக் கூடாது. தனியாகக் கேட்பதும், அவள் சம்மதித்தால் பாதுகாப்பு அலுவலரிடம் அழைத்துப் போவதும் போதும். அந்த நேரத்துக்கு ஊதியமும், தகவல் தந்தவர் பெயரை வெளியிடாத உறுதியும் வேண்டும்.

இன்று ஒரு காவல் நிலையத்தின் திறமை பெரும்பாலும் எத்தனை மனுக்கள் முடித்துவைக்கப்பட்டன என்பதால் அளக்கப்படுகிறது. அந்தக் கணக்கில் அடி நின்ற வீடும் அடி தொடர்ந்த வீடும் ஒரே எண். மனு ரசீதில் ஒரு கட்டம் கூடினால் போதும்: பத்தாம் நாள் அவளைத் தனியாகப் பார்த்தவர் யார், அவள் என்ன சொன்னாள். சொன்னால் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று தெருவுக்குத் தெரிந்தால், நூற்றில் அந்த 77 பேரின் கணக்கு மாறத் தொடங்கும்.