வத்திராயிருப்பு கிருஷ்ணனும் ஆறாயிரம் கோடியும்

கருவூலத்தில் பல வருடம் பில் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உத்தரகோசமங்கையில் உட்கார்ந்துகொண்டு குவாண்டம் பற்றி எழுத இவருக்கு என்ன தெரியும் என்று நண்பர்கள் கேட்கலாம். இயற்பியல் அதிகம் தெரியாது. அரசுப் பணம் எப்படி நகரும் என்பது தெரியும். மேலும், இந்தக் கதையில் நம் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு.

1985-ல் மாவட்டம் பிரியும் வரை நம்மோடு இருந்தது வத்திராயிருப்பு. அங்கே 1898-ல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர், பிறகு கல்கத்தா போய் சர் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறுகிறது என்று இருவரும் 1928-ல் கண்டார்கள். ஒளி பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்ற குவாண்டம் கொள்கைக்கு அது வலுவான சாட்சி ஆனது. 1930-ல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த ஆய்வுக்கு யார் படியளந்தார்கள்? ஆய்வு நடந்த இடம், டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நன்கொடை திரட்டி 1876-ல் தொடங்கிய சங்கம். ராமன் வகித்த பேராசிரியர் பதவி, தாரக்நாத் பாலித் என்ற வழக்கறிஞரின் கொடையால் வந்தது. அதற்கு முன் பத்து வருடம் ராமனும் அரசின் கணக்குத் துறை அதிகாரிதான்!

சுதந்திரத்துக்குப் பின் அரசே பொறுப்பேற்றது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் நம் கிருஷ்ணன்தான்.

இப்போதைய கணக்குக்கு வருவோம். 2020 பட்ஜெட்டில் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கு ஐந்து ஆண்டுகளில் 8,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2031 வரை எட்டு ஆண்டுகளுக்கு 6,003.65 கோடிக்கு. தொகை குறைந்தது, காலம் நீண்டது. பெங்களூரு, சென்னை, மும்பை, டெல்லி என நான்கு மையங்கள். சென்னை ஐ.ஐ.டி.க்குத் தகவல் தொடர்புப் பிரிவு. ஒட்டுக்கேட்டால் உடனே காட்டிக்கொடுக்கும் ரகசியச் சாவியை ஒளித்துகள் மூலம் அனுப்பும் வித்தை இதில் அடக்கம். நாளை நம் வங்கிக் கணக்குக்கும் அதுவே காவலாகலாம்.

140 கோடிப் பேருக்கு வகுத்துப் பார்த்தேன். தலைக்கு ஆண்டுக்கு ஐந்தரை ரூபாய்கூட வரவில்லை. ஒரு டீ விலை அதைவிட அதிகம்.

ஆனால் என் கவலை தொகை பற்றியதல்ல. ஒதுக்கீடு வேறு, கைக்கு வருவது வேறு என்பது கருவூலத்தில் இருந்தவனுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் பணத்தை விட்டு, முப்பத்தொன்றுக்குள் செலவழி என்றால் சாலை வேண்டுமானால் போடலாம், ஆராய்ச்சி நடக்காது. கடுங்குளிரில் வைத்து இயக்க வேண்டிய கருவி ஃபைலுக்காகக் காத்திருக்காது. உதவித்தொகை மாதாமாதம் வராவிட்டால், கமுதியிலிருந்தோ முதுகுளத்தூரிலிருந்தோ போகிற பிள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? வசதி உள்ளவன் மட்டும் ஆய்வில் மிஞ்சுவான். அடுத்த கிருஷ்ணன் வேறு வேலை தேடிப் போய்விடுவான்.