சித்தாந்தத் தொடக்க நூல்கள்: காரைக்கால் வட்டாரம்

சைவ சித்தாந்தம் தமிழில் நூல் வடிவம் கண்ட தத்துவம். அதைப் புதிதாகப் படிக்க வருபவரை மனத்தில் வைத்துச் சில நூல்கள் எழுந்தன. அவை ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து இணையத்துக்கும் வந்த வரலாற்றில் காரைக்கால் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவோடு சேர்ந்த காரைக்கால், இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு மாவட்டம். சுற்றிலும் தமிழ்நாடு, கிழக்கே கடல். எல்லைக் கோடு நிர்வாகத்துக்கு மட்டுமே. படிப்பும் பாட்டும் காவிரிக் கிளைகளைப் போல அதைக் கண்டுகொள்ளவில்லை. வெளியூரார் அடிக்கடி குழம்பும் ஒன்றை இங்கே சொல்லிவிடலாம். சம்பந்தர் பாடி, யாழ்முரிப் பதிகம் பிறந்த தருமபுரம் காரைக்காலை ஒட்டியது. சைவ மடமான ஆதீனம் இருக்கும் தருமபுரம் மயிலாடுதுறையில் உள்ளது.

வட்டாரத்தின் முதல் குரல் காரைக்கால் அம்மையாருடையது. மாங்கனிக் கதையால் அவரை அறியாதவர் இல்லை. ஆனிப் பௌர்ணமியில் மாங்கனித் திருவிழாவும் நடக்கிறது. அவருடைய அற்புதத் திருவந்தாதியில் 101 வெண்பாக்கள் உள்ளன. ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கமாவதால், ஏடு இல்லாதவரும் மனத்தில் தொடுத்து வைத்துக்கொள்ளலாம். அறிபவன், அறிவிப்பவன், அறிவு, அறியப்படும் பொருள் என்ற பாகுபாட்டை அதில் ஒரே வெண்பாவில் காணலாம். சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பக்திப் பாட்டுக்குள் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. மாங்கனிக் கதையைச் சொல்லும் அளவுக்கு இந்த வெண்பாவை யாரும் சொல்வதில்லை.

மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டினர். பெண்ணாகடத்தில் பிறந்து, திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்தவர் என்பது மரபு. அவருடைய சிவஞானபோதம் 12 சூத்திரங்களே. சுருக்கம் என்பதற்காக எளிமை என்று நினைத்தவர்கள் முதல் சூத்திரத்திலேயே நின்றுவிடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பியவர் அவருடைய மாணவர்களுள் ஒருவரான திருவதிகை மனவாசகம் கடந்தார். அவர் எழுதிய உண்மை விளக்கம் காப்போடு சேர்த்து 54 வெண்பாக்கள். மாணவன் கேட்கிறான், ஆசிரியர் சொல்கிறார். முப்பத்தாறு தத்துவம் எவை, ஆணவம் எது, வினை எது, நான் யார், நீங்கள் யார், நடனம் எதைக் குறிக்கிறது, ஐந்தெழுத்து என்ன சொல்கிறது என்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன. தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பதில் வாங்கும் அமைப்பு இது.

பதில் சொல்லும் விதம் இன்னும் நுட்பமானது. ஐம்பூதங்களை விளக்க வரும் ஆசிரியர் முதலில் வரையறை எதுவும் சொல்வதில்லை, படம் வரைகிறார். நிலம் நாற்கோணம், நீர் பிறைமதி, தீ முக்கோணம், காற்று அறுகோணம், வானம் வட்டம். பிறகு அவற்றுக்கு நிறமும் எழுத்தும் வருகின்றன. மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டக்கூடிய பாடம். ஐந்தொழிலுக்கு வரும்போது தில்லைக் கூத்தனின் உருவமே பாடப்பலகையாகிறது: துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய காலில் மறைப்பு, தூக்கிய திருவடியில் அருள். ஆனந்த குமாரசுவாமி சிவ நடனம் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில் இந்த நூலை எடுத்தாண்டார். உலக அருங்காட்சியகங்களில் நடராசர் சிலைக்குப் பக்கத்தில் படிக்கக் கிடைக்கும் விளக்கத்தின் வேர், பெரும்பாலும் இந்தத் தொடக்கப் பாடப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்த படி உமாபதி சிவத்தின் திருவருட்பயன். பத்து அதிகாரம், 100 குறட்பா. ஆணவத்தை இருளோடு ஒப்பிட்டு, உடனே ஒப்பீட்டின் எல்லையையும் காட்டுகிறார். இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் ‘நான் இருட்டு’ என்று தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆணவம் பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தனக்கு ஆணவம் இல்லை என்று சொல்பவரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவைப்படாது.

அச்சுக் காலத்தில் கேள்வி பதில் உரைநடைக்கு மாறியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) பீட்டர் பெர்சிவலிடம் பணியாற்றி, விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். மிஷனரிகளின் ஞானோபதேச வினாவிடையை அருகிலிருந்து கண்டவர், அந்தக் கருவியைச் சைவத்துக்குத் திருப்பினார். அவருடைய சைவ வினாவிடை சிறுவர் மனப்பாடத்துக்கு உரியது. ஆனால் அதில் கேட்பவனுக்கு உண்மை விளக்கத்து மாணவனின் தவிப்பு இல்லை. பிரெஞ்சு வழியும் ஒன்று இருந்தது. 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வெளியீட்டு வரிசையில் முதல் நூலாக 1956இல் வந்தவை அம்மையார் பாடல்கள். பிரெஞ்சில் பெயர்த்தவர் காரைவேலன்.

இணையத்தில் இன்று மூலம் கிடைப்பதில் தட்டுப்பாடு இல்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சில் வளர்ந்தது. சித்தாந்தத்தின் பதினான்கு மெய்கண்ட சாத்திரங்களும் அதில் இலவசம். தருமபுரம் ஆதீனத்தின் தேவாரத் தளத்தில் பன்னிரு திருமுறையை உரையோடு படிக்கலாம், ஓதுவார் குரலில் கேட்கலாம். சிக்கல் வரிசையில்தான் வருகிறது. பதினான்கு சாத்திரங்களின் வழக்கமான பட்டியல் கால முறையை ஒட்டியது, படிக்கும் முறையை ஒட்டியதல்ல. தளங்களும் அதையே பின்பற்றுகின்றன. உண்மை விளக்கம் அதில் ஆறாவது, திருவருட்பயன் எட்டாவது. புதியவர் தொடும் முதல் இணைப்பு 45 பாடல்கள் கொண்ட திருவுந்தியார். சிறுமியர் உந்தி பறக்கும் விளையாட்டுப் பாட்டின் மெட்டில் இருப்பதால் எளிதாகத் தோன்றும். பேசுவதோ அனுபவத்தின் முடிந்த நிலையை. பாடம் கேட்கப் போனவரிடம் ஆசிரியர் அந்த ஏட்டை மூடிவைத்துவிட்டு, ஆறாவதை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார்.